சாரின் படிந்த சட்டையைக் கழற்றியது யார்?

ஹாருகி முரகாமியின் 'அண்டர்கிரவுண்ட்' ஒரு மனைவி எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த புத்தகம். பத்திரிகை ஒன்றின் வாசகர் கடிதப் பகுதியில் அதைப் படித்ததாக முரகாமி முன்னுரையில் சொல்கிறார். டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயு பட்ட கணவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அலுவலகத்தில் சக ஊழியர்களின் குத்தல் பேச்சைத் தாங்க முடியாமல் வேலையை விட வேண்டியதாயிற்று. அடிபட்டவனை இந்தச் சமூகம் ஏன் மறுபடியும் அடிக்கிறது என்ற கேள்வி முரகாமியை விடவில்லை. 1996 முழுவதும் பாதிக்கப்பட்டவர்களையும் உறவினர்களையும் தேடிப்போய், ஏறக்குறைய அறுபது பேரைப் பேச வைத்துப் பதிவு செய்தார். 1997இல் புத்தகம் வந்தது.

நிகழ்ச்சியைச் சுருக்கமாக நினைவூட்டிக்கொள்வோம். 1995 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் குழுவினர் மூன்று சுரங்கப் பாதைகளில் ஓடிய ஐந்து ரயில்களில் சாரின் என்ற நரம்பு நச்சை அவிழ்த்துவிட்டனர். பிளாஸ்டிக் பைகளில் திரவமாகக் கொண்டுவந்து, கூராக்கிய குடைமுனையால் குத்தி, இறங்கிப் போய்விட்டார்கள். புத்தகம் எழுதப்பட்ட காலத்தில் இறந்தவர்கள் பன்னிரண்டு பேர் என்று கணக்கு. பின்னாளில் அது பதினான்கானது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குப் போனார்கள்.

இந்தப் புத்தகத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஊடகங்கள் மதக் குழுவின் தலைவன் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தபோது, முரகாமி ரயிலில் நின்றுகொண்டிருந்தவர்களின் முகங்களைத் தேடினார். கணவனை இழந்தபோது கருவுற்றிருந்த ஒரு பெண் இதில் பேசுகிறாள். நினைவும் பேச்சும் கலைந்து படுக்கையில் கிடக்கும் இன்னொரு பெண்ணைப் புனைபெயரில் சந்திக்கிறோம். டிஸ்னிலேண்ட் போக வேண்டும் என்ற ஆசையை அவள் உடைந்த அசைகளில் சொல்வதை மறக்க முடியாது. அவளை விடாமல் பார்த்துக்கொள்பவர் அவளுடைய அண்ணன். பராமரிப்பு என்றாலே பெண்தான் என்று பேசிப் பழகிவிட்ட நாம், அந்த அண்ணனைக் கவனிக்காமல் போகக் கூடாது.

ஆனாலும் ஆங்கிலப் பதிப்பை இரண்டாம் முறை வாசித்தபோது ஓர் இடம் காலியாகத் தெரிந்தது. மருத்துவர்கள் இதில் தனித்தனியாகப் பேசுகிறார்கள். அவர்களில் ஒருவர் ஷின்ஷூ பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்தவர். 1994 ஜூன் மாதம் மட்சுமோட்டோ நகரில் இதே குழு சாரினைப் பரப்பியபோது சிகிச்சை செய்த அனுபவம் அவருக்கு இருந்தது. தொலைக்காட்சியில் டோக்கியோவைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே, தாமாகத் தொலைபேசியையும் ஃபேக்ஸையும் எடுத்து டோக்கியோ மருத்துவமனைகளுக்குச் செய்தி அனுப்பினார். எட்டு மாதத்துக்கு முன் கிடைத்த அறிவை நாடு முழுக்கக் கொண்டுசேர்க்க அரசிடம் வழி இல்லை என்பது அவர் பேச்சில் விளங்குகிறது. இது முக்கியமான சாட்சியம். ஆனால் செவிலியர் ஒருவர் தன் பெயரில், தன் குரலில் பேசும் பகுதி என் கண்ணில் படவில்லை. பயணிகளின் நினைவில் ஊசி போட்டுவிட்டுப் போகும் நிழலாகவே அவர்கள் வருகிறார்கள்.

இந்தக் காலியிடம் ஏன் முக்கியம்? அந்தத் தாக்குதல் ரயில் நிலையத்தோடு முடியவில்லை. பயணிகளின் உடைகளில் ஏறி மருத்துவமனைக்குள்ளும் வந்தது.

சுகிஜி நிலையத்துக்கு அருகில் இருப்பது செயின்ட் லூக்ஸ் சர்வதேச மருத்துவமனை. அன்று ஒரே நாளில் 640 பேர் அங்கே வந்தார்கள். வழக்கமான வெளிநோயாளர் சேவையை நிறுத்தி, வந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர் அதன் தலைவர் ஷிகெயாகி ஹினோஹாரா. இரண்டாம் உலகப் போரில் டோக்கியோ மீது குண்டு விழுந்த நாட்களைக் கண்டவர் அவர். அதனால் புதிய கட்டடம் கட்டியபோதே தேவாலயத்தின் சுவர்களிலும் நடைபாதைகளிலும் ஆக்சிஜன் குழாய்களைப் பொருத்தச் செய்திருந்தார். தயார்நிலை பற்றிப் பேசும் யாரும் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். அதில் தவறும் இல்லை. அந்தக் குழாய்களும் அந்தத் துணிச்சலான முடிவும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு உதவின.

அதே மருத்துவமனையின் மருத்துவர்கள் பின்னர் தங்கள் ஊழியர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பதில் தந்த 472 பேரில் 110 பேருக்கு, அதாவது நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக, நச்சின் அறிகுறிகள் இருந்தன. கண்வலி, தலைவலி, தொண்டை எரிச்சல், மூச்சுத்திணறல், குமட்டல். நோயாளிகளின் உடையிலிருந்து எழுந்த ஆவிதான் காரணம். வந்தது சாரின் என்று காவல்துறை அறிவித்தபோது மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. அதுவரை பாதுகாப்பு உடை எதுவும் இல்லாமலேயே எல்லோரும் வேலை செய்தார்கள்.

அந்தக் கணக்கெடுப்பைப் பணிவாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அறிகுறி கண்டவர்கள் எழுத்தர்களில் 18.2 சதவீதம், மருத்துவர்களில் 21.8, தன்னார்வலர்களில் 25.5, செவிலியரில் 26.5, செவிலி உதவியாளர்களில் 39.3. சம்பளப் படியில் கீழே இருக்கும் உதவியாளர்தான் நச்சுப் பட்டியலில் மேலே இருக்கிறார். இடவாரியாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். மிக மோசமான நிலையில் வந்தவர்களைப் பார்த்த அவசரப் பிரிவில் 16.7 சதவீதம்தான். காற்றோட்டம் குறைந்த அந்தத் தேவாலயத்தில் 45.8 சதவீதம். ஆக்சிஜனுக்கு இடம் செய்திருந்த திட்டம், அந்த அறையின் கெட்ட காற்று வெளியேற இடம் செய்யவில்லை. என் வாசிப்பு இது: நச்சு பதவியைப் பார்த்துத் தாக்கவில்லை. நோயாளியின் அருகில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எத்தனை முறை தொட்டீர்கள், எந்த அறையில் விடப்பட்டீர்கள் என்பதைப் பார்த்துத் தாக்கியது. இந்த மூன்றையும் தீர்மானிப்பது பதவிதான்.

அட்டவணையில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. தேவையும் இல்லை. ஜப்பானில் செவிலியர் பணிக்கு அன்று சட்டம் வைத்திருந்த பெயரிலேயே பெண் என்ற சொல் இருந்தது. 2002இல்தான் அதை இருபாலுக்கும் பொதுவான சொல்லாக மாற்றினார்கள்.

இப்போது உடைக்கு வருவோம். வேதித் தாக்குதலில் பாதிக்கப்பட்டவருக்குச் செய்ய வேண்டிய முதல் உதவிகளில் ஒன்று உடையைக் களைவது என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. உடம்பில் ஒட்டிய நச்சில் பெரும்பகுதி அதோடு போய்விடும். சொல்ல எளிது. அலுவலகத்துக்குக் கிளம்பிய ஒரு பெண், பார்வை மங்கி, முன்பின் தெரியாத நூறு பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது உடையைக் கழற்று என்றால் என்ன செய்வாள்? அவளுக்குத் திரை வேண்டும், மாற்றுத்துணி வேண்டும், கழற்ற உதவும் பெண்ணின் கை வேண்டும். கழற்றிய துணியைக் கட்டிவைக்கப் பை வேண்டும். அந்தக் கைக்கு உறை வேண்டும். பெண்ணின் கூச்சம் மருத்துவத்துக்குத் தடை என்று எழுதுபவர்கள் உண்டு. திரையும் துணியும் பட்டியலில் இல்லாததுதான் தடை.

இதெல்லாம் டோக்கியோவின் கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். சாரின் 1938இல் ஜெர்மனியில் பூச்சிக்கொல்லி தேடிய வேதியியலாளர்கள் கையில் பிறந்தது. நம் வயல்களில் தெளிக்கும் ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அதே குடும்பம். உடம்பில் வேலை செய்யும் விதமும் ஒன்றே: கண்பாவை புள்ளியாய்ச் சுருங்கும், எச்சில் ஒழுகும், நுரையீரல் நீரால் நிறையும், மூச்சுத் தசை தளரும். முறிவு மருந்தும் ஒன்றே: அட்ரோபின், பிராலிடாக்சைம். பூச்சிமருந்து அருந்தியவர்களை நாள் தவறாமல் பார்க்கும் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைச் செவிலியருக்கு இந்தப் பாடத்தை யாரும் புதிதாக நடத்த வேண்டியதில்லை.

என் அக்கா அப்படிப்பட்ட ஒரு வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள். செயின்ட் லூக்ஸ் கணக்கெடுப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆச்சரியப்படவில்லை. "முதல்ல துணியக் கழட்டி பையில போட்டு வாயக் கட்டிடணும்டி. இல்லன்னா நைட் டூட்டி முடியறப்போ நமக்குத் தலைய வலிக்கும்" என்றாள். எந்தக் கையேட்டிலிருந்தும் அவள் இதைப் படிக்கவில்லை. தன் தலைவலியிலிருந்து கற்றுக்கொண்டாள்.

இப்படி உடம்பால் கற்ற அறிவைத் திட்டம் தீட்டுபவர்கள் கேட்டுக்கொள்வார்களா என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 2001இல் ஆந்த்ராக்ஸ் தூள் வைத்த கடிதங்களால் ஐந்து பேர் இறந்தபின், உயிரி ஆயுதம் பற்றிய அச்சம் அங்கே உச்சத்தில் இருந்தது. உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மையை எதிரிகள் ஆயுதமாக்கலாம் என்று 2002 டிசம்பரில் ஜார்ஜ் புஷ் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. முதல் கட்டமாகச் சுமார் ஐந்து லட்சம் சுகாதாரப் பணியாளர்கள் தாமாக முன்வந்து அம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். 2003 ஜனவரியில் ஊசி தொடங்கியது.

செவிலியர் அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் கேள்வி கேட்டன. அது உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி. ஊசி போட்ட புண்ணைத் தொட்டால் இன்னொருவருக்கும் பரவும். கருவுற்றிருப்பவர்கள், எக்ஸிமா உள்ளவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. அத்தகையவர்கள் வீட்டில் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். அப்படியானால் ஊசிக்கு முன் என்னைச் சரியாகப் பரிசோதிப்பீர்களா? புண் ஆறும்வரை என் குழந்தையை யார் தூக்குவது? நான் நோயில் விழுந்தால் விடுப்பும் சம்பளமும் உண்டா? ஊசி தயாரிக்கும் நிறுவனங்களுக்கும் போடும் மருத்துவமனைகளுக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு தரும் சட்டம் முதல் ஊசிக்கு முன்பே தயாராக இருந்தது. ஊசியால் பாதிக்கப்படும் பணியாளருக்கு இழப்பீடு தரும் சட்டம் ஏப்ரல் 30ஆம் தேதிதான் கையெழுத்தானது. அதற்குள் மார்ச்சில், ஊசி போட்டுக்கொண்ட பெண் சுகாதாரப் பணியாளர்கள் இருவர் மாரடைப்பால் இறந்திருந்தார்கள். ஊசிதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் இதயநோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும் என்ற அறிவுரை அதன் பிறகுதான் சேர்க்கப்பட்டது. ஐந்து லட்சம் என்று போட்ட கணக்கு நாற்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

இந்தத் திட்டத்தைத் தோல்வி என்று எழுதுகிறார்கள். தயார்நிலையின் தோல்வி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுத்தவர்களை அச்சத்தால் பின்வாங்கியவர்களாகப் பார்ப்பது சரியல்ல. திட்டத்தில் இருந்த செவிலிக்கு வீடு இல்லை, கர்ப்பம் இல்லை, தோல்நோயுள்ள குழந்தை இல்லை, வாடகை இல்லை. அப்படி ஒரு செவிலி எந்த ஊரிலும் கிடையாது என்பதைத்தான் அவர்கள் சொன்னார்கள். 1995இல் டோக்கியோ செவிலியரை யாரும் கேட்கவில்லை. 2003இல் அமெரிக்கச் செவிலியரைக் கேட்டார்கள், அவர்கள் பதில் சொன்னார்கள். அந்தப் பதிலைத் திட்டத்துக்குள் எடுத்துக்கொள்ள மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

எனவே அடுத்த முறை உயிரி, வேதித் தாக்குதலுக்கு எங்கள் மாநிலம் தயார், எங்கள் மருத்துவமனை தயார் என்ற அறிவிப்பைப் படிக்கும்போது, எத்தனை முகக்கவசம், எத்தனை ஊசிமருந்து என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒத்திகைக்கு வார்டு உதவியாளரை அழைத்தார்களா, துப்புரவுப் பணியாளருக்குப் பாதுகாப்பு உடை அளவெடுத்தார்களா, ஒப்பந்தப் பணியாளர் நச்சுப்பட்டால் யார் பொறுப்பு, இரவுப் பணியிலிருக்கும் செவிலி வீடு திரும்ப முடியாவிட்டால் அவள் குழந்தைக்கு யார் என்று கேளுங்கள். மாணவிகள் இதை ஆய்வாகவே செய்யலாம். செயின்ட் லூக்ஸ் மருத்துவர்கள் தம் ஊழியர்களிடம் கேட்டதால்தான் அந்த எண்கள் இன்று நம் கையில் இருக்கின்றன.

'அண்டர்கிரவுண்ட்' ஒரு பெண்ணின் கடிதத்துக்குச் செவிகொடுத்த புத்தகம். அதைக் குறைசொல்லத் தோன்றுவதும் அதே காரணத்தால்தான். அந்தக் காது இன்னும் சில அடி நடந்து, தேவாலயத்தில் அன்று முழுவதும் நின்ற பெண்களிடமும் போயிருக்கலாம். கணக்கெடுப்பை வாசித்து முடித்தபோது அக்கா கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்க எனக்கு ஆசை. "சரிடி, நோயாளிக்கு மாத்துத்துணி குடுத்திருப்பாங்க. அந்த நர்சுங்களுக்கு யாரு குடுத்தா? அதே சட்டையோடயா வீட்டுக்குப் போனாங்க?"