தன்னார்வக் கலைக்களஞ்சியத்தில் பெண் பங்கேற்பு: ஆய்வுமுறை நோக்கில் ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் கலைக்களஞ்சிய ஆக்கம் மூன்று நிலைகளைக் கண்டுள்ளது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராக உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. இது முதல் நிலை. பெரியசாமித்தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இரண்டாம் நிலை. 2003இல் தொடங்கி, இலங்கைத் தமிழரான இ. மயூரநாதனின் இடையறாத உழைப்பால் வேரூன்றிய தமிழ் விக்கிப்பீடியா மூன்றாம் நிலை. 2017 மே மாதத்தில் இது ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது.

முதல் நிலையில் புலமையும் இரண்டாம் நிலையில் நிறுவனத்தின் அழைப்பும் எழுதுவோரைத் தீர்மானித்தன. மூன்றாம் நிலையில் அத்தகைய வாயிற்காவல் ஏதுமில்லை; எழுத விரும்புவோர் எவரும் எழுதலாம். எனவே பெண்களின் பங்கு இங்கு இயல்பாகவே உயர்ந்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது முறையே. ஆயின் உலகளாவிய ஆய்வுகள் இதற்கு மாறான நிலையையே காட்டுகின்றன. கதவு திறந்திருந்தும் உள்ளே வந்தோர் ஏன் ஒருபாலாராகவே மிகுந்துள்ளனர் என்பதே வினா. இவ்வினாவை ஆராய்ந்தோர் கையாண்ட முறைகளை மதிப்பிட்டு, தமிழ்ச் சூழலுக்கு அவை எவ்வளவு பொருந்தும் எனக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணுதலும் பெயரும்

2008இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனமொன்று விக்கிமீடியா அறக்கட்டளையுடன் இணைந்து நடத்திய அளவாய்வு, பங்களிப்போருள் பெண்கள் 13 விழுக்காட்டிற்கும் குறைவு என்றது. 2011இல் அவ்வறக்கட்டளை தானே நடத்திய அளவாய்வில் இவ்வெண் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்தது. இவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. அளவாய்வுக்கு விடையளிக்க முன்வந்தோரை மட்டுமே இவை கணக்கிடுகின்றன. 2013இல் பெஞ்சமின் மாகோ ஹில், ஆரன் ஷா ஆகிய இருவரும் இக்குறையைப் புள்ளியியல் முறையில் திருத்தி, உலக அளவில் பெண்களின் பங்கு 16.1 விழுக்காடு என மதிப்பிட்டனர். விடையளிப்பதில் பெண்கள் பின்தங்கியதால் அவர்தம் இருப்பே குறைத்துக் காட்டப்பட்டது என்பது அவர்தம் ஆய்வால் பெறப்படும் உண்மை.

இச்சிக்கல் தமிழாய்வாளர்க்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் 2381. பெயர் அறியப்பெற்ற புலவர் 473 பேர். 102 பாடல்களுக்குப் பாடியோர் பெயர் தெரியவில்லை. இவர்களுள் பெண்பாற் புலவர் எத்துணையர் என்பதில் அறிஞரிடையே இன்றளவும் ஒருமித்த கருத்தில்லை. முப்பதுக்குச் சற்று மேல் என்போரும் நாற்பதுக்கு மேல் என்போரும் உளர். ஒளவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார் போன்றோரைப் பற்றி ஐயமில்லை. ஆயின் செம்புலப்பெயனீரார், மீனெறி தூண்டிலார் எனப் பாடல் தொடராலேயே பெயர் பெற்றவர்கள் எப்பாலார் என எங்ஙனம் துணிவது? சான்று இல்லாதவிடத்து ஆணெனக் கொள்வதே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்திற்கு எவரும் சான்று கேட்பதில்லை.

இணையத்தில் புனைபெயருடன் எழுதும் பங்களிப்பாளரின் நிலையும் இதுவே. ஜெர்மன், ஸ்பானிய மொழி விக்கிப்பீடியாக்களில் பயனரைக் குறிக்கும் சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் என இரு வடிவங்கள் உண்டு. தம்மைப் பெண் எனப் பதிவு செய்தவரின் பக்கத் தலைப்பே அதனை அறிவித்துவிடும். தமிழில் ‘பயனர்’ என்ற பலர்பாற் சொல் இருபாலார்க்கும் பொது. ‘அவர்’, ‘எழுதினார்’ என்னும் உயர்வு வழக்கும் பால் காட்டாது. இவ்விலக்கண அமைதி எழுதும் பெண்ணுக்கு ஒருவகைக் காப்பாகிறது. தேவையற்ற விசாரிப்புகளிலிருந்து அவரை மறைக்கிறது. அதே வேளை, அவர் எழுதியதையும் ஆணின் கணக்கில் சேர்த்துவிடுகிறது. பால் வெளிப்படுத்தியோரை மட்டும் கொண்டு அமையும் ஆய்வுமுறையைத் தமிழுக்கு அப்படியே பொருத்த இயலாமைக்கு இதுவே முதற்காரணம்.

நேரமும் வெளியும்

தன்னார்வப் பணி என்பது ஊதியம் கருதாத பணி. அதற்கு வேண்டிய முதற்பொருள் ஓய்வுநேரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு அளவாய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப்பணியில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண் ஒருவர் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிடுகின்றனர். 2024ஆம் ஆண்டு அளவாய்வில் இவை முறையே 289, 88 என அமைந்தன. ஐந்தாண்டுகளில் இரண்டும் குறைந்தன; இடைவெளி மட்டும் ஏறத்தாழ அப்படியே நின்றது. ஊதியமின்றி உழைப்பது பெண்களுக்குப் புதிதன்று. அவர்தம் ஊதியமில்லா உழைப்பு முன்பே வேறோரிடத்தில் செலவிடப்பட்டுவிட்டது என்பதே உண்மை நிலை.

கருவியும் இணைப்பும் இரண்டாம் தடை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல அளவாய்வில், இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்தியோர் பெண்களில் 33.3 விழுக்காடு, ஆண்களில் 57.1 விழுக்காடு. 2018இல் இந்திய மொழிகளுக்கென நடந்த வேங்கைத் திட்டத்தில் பங்களிப்பாளர்க்கு மடிக்கணினியும் இணையக் கட்டண உதவியும் வழங்கப்பட்டன. இது போற்றத்தக்க முயற்சியே. ஆயினும் கருவியை வழங்கலாம். நேரத்தை வழங்க இயலாது. அத்தகைய உதவி முன்பே எழுதிக்கொண்டிருப்போர்க்கு உரம் சேர்க்கும். எழுத வராதோரை அழைத்துவர அது மட்டும் போதாது.

மூன்றாவது தடை வெளியின் இயல்பு பற்றியது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுக் கலந்துரையாடல் நிகழும் பக்கத்திற்கு ‘ஆலமரத்தடி’ எனப் பெயர். தமிழர் பண்பாட்டிலிருந்து எடுத்த அழகிய பெயர். ஆயின் மரபில் ஆலமரத்தடி யாருடைய இடமாக இருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் அமர்ந்து தீர்ப்புரைத்தோர் ஆடவர். பெண்கள் பெரும்பாலும் வழக்குக்கு உரியோராகவே அங்கு நின்றனர். பெயரைச் சூட்டியோர்க்கு அத்தகைய உட்கருத்து இருந்தது என்பது இதன் பொருளன்று. அவ்விடத்தின் நினைவு பெயரோடு சேர்ந்தே வருகிறது என்பதே கருதத்தக்கது. 2009இல் சேர்ந்த ஆங்கில விக்கிப்பீடியாப் பங்களிப்பாளரை ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வொன்று, தம் பாலை வெளிப்படுத்தியோருள் 16 விழுக்காட்டினர் பெண்கள் என்றும், அக்குழுவின் தொகுப்புகளில் அவர்தம் பங்கு 9 விழுக்காடே என்றும் கண்டது. பெண்கள் விரைவில் விலகிவிடுவதையும் அது சுட்டியது. வந்தவர் ஏன் நிலைக்கவில்லை என்னும் வினா, ஏன் வரவில்லை என்னும் வினாவினும் கூர்மையானது. 2021இல் விக்கிமீடியா அறக்கட்டளை பொது நடத்தை நெறிகளை ஏற்றமை இவ்வினாவுக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த ஒரு விடையாகும்.

பொருண்மையில் பெண்

எழுதுவோரின் பால்விகிதத்தையும் எழுதப்படுவோரின் பால்விகிதத்தையும் ஒன்றெனக் கொள்ளும் போக்கு இத்துறை ஆய்வுகளில் காணப்படுகிறது. அகப்பாடல் பயின்றோர் இதனை எளிதில் உடன்படார். தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் அமைந்த பாடல்களுள் பெரும்பாலானவை ஆண்பாற் புலவர் பாடியவை. பெண்குரல் மிகுந்திருப்பதால் பெண்கள் மிகுதியாகப் பாடினர் எனக் கொள்ள இயலாது. அங்ஙனமே பெண்களைப் பற்றிய கட்டுரைகள் பெருகுவதால் பெண்கள் எழுதுகின்றனர் என்றும் ஆகாது. 2015இல் ஆங்கிலத்தில் தொடங்கிய ‘சிவப்பில் பெண்கள்’ என்னும் இயக்கம் பெண்களைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளின் பங்கைக் கணிசமாக உயர்த்தியுள்ளது. அது பொருண்மைக் குறையைத் தீர்க்கும் முயற்சி. ஆக்குவோர் குறை தனித்து ஆராயப்பட வேண்டியது.

எண்ணிக்கைக்கு அப்பால் எழுதும் முறையும் நோக்கத்தக்கது. கிளாவுடியா வாக்னர் முதலியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களைப் பற்றிய கட்டுரைகளில் குடும்பம், மணவுறவு பற்றிய சொற்கள் மிகுதியாக வருவதை எடுத்துக்காட்டியது. 2013இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘அமெரிக்கப் புதின ஆசிரியர்கள்’ என்ற பகுப்பிலிருந்து பெண்கள் நீக்கப்பட்டுத் தனிப் பகுப்பில் வைக்கப்பட்டமை பெரும் விவாதத்திற்கு உள்ளாயிற்று. தமிழில் ‘எழுத்தாளர்’ என்பது பால்பகா அஃறிணைப் பெயர் போல் அன்று; அது இருபாலார்க்கும் உரிய உயர்திணைப் பொதுச்சொல். எனினும் ‘பெண் எழுத்தாளர்’ என்னும் வழக்கு நிலைபெற்றுள்ளது. ‘ஆண் எழுத்தாளர்’ என்னும் வழக்கு அருகியே காணப்படுகிறது. இலக்கணம் தந்த பொதுமையை வழக்கு பறித்துக்கொள்கிறது. இக்குறை விக்கிப்பீடியாவில் தோன்றியதன்று. தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் பெண்படைப்பாளரை இறுதி இயலில் ஒதுக்கி வைத்த முறையின் தொடர்ச்சியே அது.

சான்று என்னும் வாயில்

திறந்த கலைக்களஞ்சியத்தில் ஆள்மீது காவல் இல்லை, பொருள்மீது உண்டு. குறிப்பிடத்தக்கமை, மெய்யறிதன்மை என்னும் இரு நெறிகள் அக்காவலைச் செய்கின்றன. ஒருவரைப் பற்றிப் பிறர் எழுதிய நம்பகமான மூலங்கள் இருந்தாலன்றிக் கட்டுரை நிலைக்காது. 2018 மே மாதத்தில் இயற்பியலாளர் டோனா ஸ்டிரிக்லண்டு பற்றிய வரைவுக் கட்டுரை, போதிய மூலங்கள் இல்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கப்படவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இங்கு நெறி பிழையன்று. நெறி நம்பியிருந்த அச்சுலகின் மௌனமே பிழை.

தமிழில் இம்மௌனம் மிகப் பெரிது. வை. மு. கோதைநாயகி 115 புதினங்கள் எழுதியவர். 1925 முதல் ஜகன்மோகினி இதழை நடத்தியவர். அவரைப் போல் இதழும் நூலும் கொண்டவர்க்கு மூலம் தேட வழியுண்டு. எழுத்தில் பதியாத அறிவுடையோர்க்கு அது இல்லை. பெங்களூருவின் ஜீவனஹள்ளியை எடுத்துக்கொள்ளலாம். பழைய படைவீட்டுப் பகுதியை ஒட்டி, காக்ஸ் டவுனுக்கு அருகில் அமைந்த இவ்விடத்தின் பெயரிலேயே சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல் நிற்கிறது. 1809இல் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தபின் சென்னை மாகாணத்திலிருந்து வந்து குடியேறிய தமிழரின் வரலாற்றோடு இத்தகைய பகுதிகளின் வரலாறு பிணைந்தது. சிற்றூர் நகர்ப்பகுதியான கதை, கன்னடத்தோடு கலந்த தமிழ் வழக்கு, தாலாட்டு, நோன்பு, கைம்மருத்துவம் ஆகியவற்றில் பெரும்பகுதி இத்தகைய இடங்களில் பெண்களின் நினைவில்தான் தங்கும். ஆவணக்காப்பகங்களில் கிடைப்பவை படைவீட்டின் வரைபடமும் நகராட்சியின் ஆணையும். கலைக்களஞ்சியம் இவற்றை ஏற்கும், முன்னதை ஏற்காது. ஆகவே இப்பகுதிப் பெண்ணொருவர் நேரமும் கருவியும் பெற்று எழுத வந்தாலும், தாம் நன்கறிந்ததை எழுத இயலாமல், பிறர் அச்சிட்டதைச் சுருக்கி எழுதுபவராகவே அமைவார்.

இதற்குத் தீர்வு நெறியைத் தளர்த்துவதன்று. சான்றில்லாக் கூற்றுக்கு இடந்தரின் கலைக்களஞ்சியம் தன் தகுதியை இழக்கும். சான்றை உருவாக்குவதே வழி. இதற்கு முன்மாதிரி உண்டு. பெங்களூருவில் பயின்ற எழுத்தாளர் அம்பை, சி. எஸ். லட்சுமி என்னும் தம் இயற்பெயரில் 1988இல் மும்பையில் தோற்றுவித்த ஸ்பாரோ காப்பகம், பெண்களின் வாழ்வை ஒலியாகவும் படமாகவும் பதிந்து காத்து வருகிறது. பதிவு முதலில், ஆய்வு அடுத்து, கலைக்களஞ்சியம் அதன்பின். இவ்வரிசையின் முதலிரண்டு படிகளும் தன்னார்வலர் மேல் சுமத்தத்தக்கன அல்ல, கல்விப்புலத்திற்கு உரியவை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பாலினச் சமமின்மை ஒன்றன்று, மூன்று என்பது பெறப்படும். எழுதுவோரிடை உள்ளது ஒன்று. எழுதப்படுவோரிடை உள்ளது மற்றொன்று. சான்று உடைமையில் உள்ளது மூன்றாவது. இதுவரையிலான ஆய்வுகள் முதலிரண்டையும் எண்ணால் அளந்தன. மூன்றாவது எண்ணில் எளிதில் அடங்காது. ஆயினும் தமிழைப் பொறுத்தவரை அதுவே முதன்மையானது.

கணினிகள் மொழி பயில்வதற்கான தரவாகவும் விக்கிப்பீடியா இன்று பயன்படுகிறது. இன்றைய விடுபாடு நாளைய கருவிகளின் விடையிலும் விடுபாடாகவே நிலைக்கும். தமிழ்த்துறைகளில் ஆண்டுதோறும் உருவாகும் நாட்டார் வழக்காற்று, வட்டார வழக்கு ஆய்வேடுகளுள் பல அச்சேறாமல் நூலகங்களில் உறங்குகின்றன. தகவலாளர் பெயரும் வாழிடமும் காலமும் அவர்தம் ஒப்புதலோடு குறிக்கப்பெற்று அவை வெளியிடப்படுமாயின், பெண்களின் அறிவு சான்றாகும் தகுதி பெறும். தமிழ் விக்கிப்பீடியாவில் பெண்கள் ஏன் குறைவு என வினவும் கல்விப்புலம், அவர்கள் மேற்கோள் காட்டத்தக்க எதனை இதுகாறும் அச்சிட்டோம் என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.