அணலும் எண்ணெயும்

முதுகலை வகுப்பில் புறநானூற்று 83ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுப்பிய வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் போரவைக்கோப் பெருநற்கிள்ளியை 'மையணல்' உடைய காளை என்று குறிக்கின்றார். கண்ணுக்கு மை தீட்டுதலும் கூந்தலுக்கு நெய் பூசுதலும் சங்க நூல்கள் நன்கறிந்த வழக்கங்கள். அங்ஙனமாயின், அவ்விளைஞன் தன் தாடிக்கு மை பூசினான், எண்ணெயிட்டு மினுக்கினான் என்று இத்தொடருக்குப் பொருள் கொள்ளலாகாதோ என்பது அம்மாணவர் வினா. 'கொள்ளலாகாது' என்று அப்பொழுதே விடை கூறினேன். ஏன் கொள்ளலாகாது என்பதற்குரிய காரணம் புலப்பட எனக்குச் சில நாள் ஆயிற்று. காரணம் கூறாது விடைமட்டும் கூறுதல் ஆசிரியர்க்கு அழகன்று. அக்குறையை ஈண்டு நிரப்ப முயல்கின்றேன்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். 'அணல்' என்பது கீழ்வாய்ப்புறத்தையும் மிடற்றையும் தாடியையும் குறிக்கும் ஒரு சொல். மயிர் வளரும் இடத்திற்கும் ஆங்கு வளர்ந்த மயிருக்கும் பெயர் ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. தலைமயிரின் நிலை வேறு. அதற்குக் குஞ்சி, குடுமி, கூந்தல், ஓதி, ஐம்பால் எனப் பெயர்கள் பல. அவற்றுட் சில முடிக்கும் வகையாலும் பகுக்கும் வகையாலும் பிறந்தவை. அணலுக்கு அத்தகைய செய்கைப் பெயர் இல்லை.

அடுத்து 'மை'. இச்சொல் அஞ்சனத்தையும் குறிக்கும், கருமையையும் குறிக்கும். 'மைவரை' என்னுமிடத்து மலைக்கு எவரோ மை பூசினர் என்று யாரும் உரைகூறார். அஞ்சனம் தீட்டப்பட்டது என்று சொல்ல வேண்டிய இடத்திலோ பழந்தமிழ் அதற்கு ஒரு வினையைத் தந்துவிடுகின்றது. 'மையுண்கண்' என்றும், மையென்னும் சொல் தொக்கு நிற்க 'உண்கண்' என்றும் வருவன காண்க. கண் மையை 'உண்டது' என்பதனால் அஃது இயற்கைக் கருமையன்று, இடப்பட்ட மை என்பது விளங்குகின்றது. 'மையணல்' என்பதன்கண் அவ்வினை இல்லை. நக்கண்ணையார் வினையை மறந்தவரும் அல்லர். அதே அடியில் அவன் காலிற் கிடக்கும் கழலுக்குப் 'புனை' என்னும் சொல்லை அளிக்கின்றார். கழல் புனைந்தது, அணல் மைத்தது. ஓரடியிலேயே செயற்கையும் இயற்கையும் அருகருகே வைக்கப்பட்டிருத்தலை நோக்க, மாணவர் கருதிய பொருள் அங்கு நுழைவதற்கு இடமில்லை என்க.

இதனால் பாட்டு அடையும் பயன் யாது? அப்பாட்டின் பெண் இருபுறமும் நெருக்குண்டவள். வளை கழலுமாயின் தாய்க்கு அஞ்ச வேண்டும். அவனைத் தழுவுவாளாயின் அவையிலுள்ளார்க்கு நாண வேண்டும். தன்னைப் போலவே இம்மயங்கிய ஊரும் இருதலைப்பட்டு நடுங்குக என்கின்றாள். ஊருக்கு அவள் தரும் அடை 'மையல்'. தொடக்கத்து மையணலும் முடிவின் மையலும் ஒலியால் ஒன்றனையொன்று அழைக்கின்றன. புலவர் எண்ணியே அமைத்தாரோ, தானே வந்து வாய்த்ததோ, அஃது எவ்வாறாயினும் செவிக்கு அது கேட்கின்றது. அவளை மயக்கியது அவன் இளமை. அவ்விளமைக்கு அவள் கண்ட அடையாளம் அப்பொழுதே கறுத்து நிறைந்த தாடி. அதனை ஒப்பனை என்று கொண்டால் இளமை போய்ப் பூச்சே எஞ்சும். பாட்டும் நிற்கும் இடம் இழக்கும்.

இனி, சங்கப் புலவர்கள் ஆடவர் ஒப்பனையை இழிவாகக் கருதி விடுத்தனர் என்று எண்ணுவது பெரும்பிழை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டைக் காண்க. 261 அடி கொண்ட அப்பாட்டில் மகளிர் குவித்த மலர்களின் நெடிய வரிசை முடிந்தபின் தலைவன் வருகின்றான். அவன் வில்லையும் அம்பையும் சொல்வதற்கு முன்பே கபிலர் அவன் தலைமயிரைச் சொல்லத் தொடங்குகின்றார். சுருண்டு வளர்ந்த மயிர் எண்ணெய் நீவப்பட்டது. பின்னர்த் தகரம் என்னும் நறுஞ்சாந்து கமழுமாறு பூசப்பட்டது. ஈரம் புலரும்வரை விரலாற் பிணிப்பு நீக்கப்பட்டது. வயிரமேறிய அகிலின் புகை ஊட்டப்பட்டது. அதன் மணத்திற்கு வண்டுகள் யாழ்போல ஒலித்து மொய்த்தன. இத்துணையும் முடிந்த பின்னரே அது நீலமணியின் நிறங்கொண்ட குஞ்சியாயிற்று, அதன்மேல் மலர்மாலையும் ஏறிற்று.

ஒப்பனைத் தொழிலின் படிகளைப் புலவர் ஒழுங்கு தவறாது கூறுகின்றார் என்பதனைத் தொழில் தெரிந்தோர் எளிதில் அறிவர். எண்ணெய் முதலில், சாந்து அதன்மேல், உலர்த்தல் மூன்றாவது, புகை இறுதியில். ஈரம் புலராத மயிருக்குப் புகையூட்டினால் மணம் செவ்வனே ஏறாது. 'மண்ணுதல்' என்னும் வினைக்குக் கழுவுதல், பூசுதல், ஒப்பனை செய்தல் என்னும் பொருள்கள் உள. மூன்றும் இங்கே பொருந்தும். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் கூறப்படுகின்றது. அங்கும் நெய்யுண்டு, புகையுண்டு, கத்தூரிக் குழம்புண்டு. எண்ணிக்கையால் இளங்கோவடிகள் கபிலரை விஞ்சினார். ஆயினும் விரலால் உலர்த்தும் அந்த ஒரு செயலால் கபிலரின் காட்சி நம் கண்முன் நிற்பதுபோல மாதவியின் நீராட்டு நிற்கவில்லை என்பது என் கருத்து. அது பட்டியலாகவே படுகின்றது.

இவ்வளவு விரிவாக ஓர் ஆடவன் மயிர் ஒப்பனையைச் சொன்ன கபிலர், அவன் முகத்து மயிரைப்பற்றி இப்பகுதியில் வாய் திறந்தாரில்லை. தகரம் பூசிய கைக்கு அணல் எட்டாத தொலைவில் இல்லை. ஆயினும் அவ்வெண்ணெய் குஞ்சியளவில் நின்றுவிடுகின்றது. உலகியலில் அக்கால ஆடவர் தாடிக்கு எண்ணெய் இட்டிருக்கலாம். இடாதிருந்தனர் என்று சாதிக்க யான் வரவில்லை. செய்யுள் எதனைத் தேர்ந்தது என்பதே ஈண்டு வினா. கையால் ஆக்கப்படும் அழகு குஞ்சிக்கும், காலத்தால் ஆகும் அழகு அணலுக்கும் பகுத்தளிக்கப்பட்டிருத்தலை இப்பாட்டுகளில் காண்கின்றோம்.

கபிலர் ஆண்ட 'எண்ணெய் நீவுதல்' என்னும் அதே வினையை ஒக்கூர் மாசாத்தியாரும் புறநானூற்று 279இல் ஆள்கின்றார். முன்னைநாட் போரில் தன் ஐயனை இழந்தவள், அடுத்த நாள் கணவனை இழந்தவள், இன்று பறையொலி கேட்டவுடன் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்திக் குடுமிக்கு எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்துப் போர்க்களத்தை நோக்கி விடுக்கின்றாள். புறநானூற்றின் பழைய உரை முதல் 266 பாட்டுகளுக்கே கிடைத்துள்ளமையால் இப்பாட்டுக்கு அவ்வுரை உதவாது. 'பாறுமயிர்' என்பது எண்ணெயின்றிப் பரந்து கிடக்கும் மயிர். இரண்டு நாட்களாக அவ்வீட்டில் எவர்க்கும் எவரும் தலைவாரியிருக்க மாட்டார் என்பது ஒரு சொல்லால் உணர்த்தப்பட்டுவிடுகின்றது. சிறுவனுக்கு அணல் அரும்பியதா என்று மாசாத்தியார் சொல்லவில்லை. தாய் கைவைத்த இடம் குடுமி. தலைக்கு எண்ணெய் வைத்தல் தாய்க்கு உரிய தொழில்; குறிஞ்சித் தலைவனின் தலையில் வண்டை அழைத்த அதே எண்ணெய் இங்கே மகனை வழியனுப்புகின்றது.

உலோச்சனார் பாடிய 258ஆம் பாட்டு இவ்விரண்டினும் வேறானது. எனக்கு இவற்றுள் மிகவும் உவப்பானதும் அதுவே. அதன் வீரன் 'புல்லணல்' காளை. தாடி இன்னும் அடர்ந்திலது. ஆங்காங்கே புல் முளைத்தாற்போல் உளது. அவன் கள்ளுண்டு, பசிய ஊனைத் தின்று, நிணம் ஒட்டிய எச்சில் ஈரக்கையை எங்கே துடைத்தான்? வில்லின் புறத்தே. 'திமிர்தல்' என்பது அங்கு வரும் வினை. அது சந்தனம் முதலியவற்றை மெய்யிற் பூசுதற்கு வழங்கும் சொல். அதனை எடுத்துக் கொழுப்பு வழியும் கைக்கும் வில்லுக்கும் இடையே வைத்தார் புலவர். ஒப்பனைச் சொல் முழுதும் வில்லுக்குப் போயிற்று. அரைகுறைத் தாடி அவ்வாறே கிடந்தது. உடனே அவன் பகைவர் நிலம் புக்கான். இங்கிருப்போர் ஒரு முறை கள்ளுண்டு முடியுமுன் ஊர்ப்புறம் நிறைய ஆநிரையோடு மீள்வான். முதிர்ந்த கள்ளிருக்கும் சாடியை யாரும் தொடற்க, தூசி படிந்து விடாயோடு வருவான் என்று பாட்டு முடிகின்றது. தூசியும் நிணமும் கள்ளும் உள்ள இப்பாட்டில் 'புல்' என்னும் ஓர் அடை செய்யும் பணி பெரிது. இத்துணைத் துணிவும் தாடி நிரம்பாத பருவத்ததென்று அது கூறிவிடுகின்றது. பருவங் காட்டும் அளவுகோலாக அணலைக் கொள்ளும் மரபு நக்கண்ணையாரிடத்தும் உலோச்சனாரிடத்தும் ஒன்றே. ஒருவர் நிறைவைக் காண்கின்றார், மற்றவர் குறைவைக் காண்கின்றார்.

திருக்குறள் மழித்தலையும் நீட்டலையும் ஒருங்கே விலக்கும் இடம் (280) துறவு வேடத்தைப் பற்றியது. பரிமேலழகர் அதனைத் தலைமயிர்க்கே உரியதாக்கி, மயிர் பறித்தலையும் மழித்தலுள் அடக்கினார். ஆதலின் அது நம் ஆராய்ச்சிக்கு நேரே உதவாது.

மீசையின் வரலாறு வேறு திசையிற் செல்கின்றது. 'மீ' என்னும் மேலிடப் பொருளினின்று பிறந்ததாகக் கொள்ளப்படும் இச்சொல்லும் அணலைப்போல் இடத்தால் வந்த பெயரே. ஆயினும் பேச்சுவழக்கு அதனோடு சேர்த்த வினைகளைப் பாருங்கள்: முறுக்குதல், ஒதுக்குதல், தடவுதல், நீவுதல். முறுக்குமீசை, அரிவாள்மீசை, கிடாமீசை என வடிவத்தாற் பெயர்களும் பெருகின. ஊர்ப்புறக் காவல்தெய்வங்களின் சுதையுருவங்களில் முதலில் கண்ணிற் படுவது முறுக்கிய மீசையே. கூழுக்கும் மீசைக்கும் ஒருங்கே ஆசைப்படுவானை நகும் பழமொழியும், விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பானை நகும் பழமொழியும் மீசையைப் பேணுதற்குரிய பொருளாகவே கருதுகின்றன. புல்லணற் காளை கூழுக்கும் மண்ணுக்கும் அஞ்சியிருப்பானா? அவன் தூசியோடுதான் வரப்போகின்றான் என்று உலோச்சனார் முன்னரே அறிவித்துவிட்டார்.

பேணப்படும் பொருளுக்கு மானம் வந்து சேர்கின்றது; மானம் வந்த பொருளின்மீது ஆணையும் வருகின்றது. 1805 நவம்பரில் சென்னைப் படைக்குப் பிறப்பிக்கப்பட்ட புதிய விதிகள் சிப்பாய்கள் சமயக்குறி இடலாகாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவில் திருத்த வேண்டும் என்றன. தோற்குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் உடன் வந்தது. 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் எழுந்த கிளர்ச்சிக்கு இவையும் காரணங்களாயின. பின்னர் அவ்விதிகள் மீட்கப்பெற்றன. அதே நூற்றாண்டிலேயே ஆங்கிலப் படையில் மேலுதட்டை மழிக்கலாகாது என்ற விதியும் தோன்றி 1916 வரை நின்றது. மழி என்பதும் ஆணை, மழிக்காதே என்பதும் ஆணை!

மெழுகிட்டு நுனியை ஊசிபோல் நிறுத்தும் மேனாட்டு வழக்கம் அக்காலத்திலேயே பெருகியது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 65 பாகை வெப்பத்தில் உருகும். அதனோடு சிறிது எண்ணெய் சேர்த்தால் விரற்சூட்டில் இளகி, மயிரிற் பட்டபின் மீண்டும் இறுகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மிகுந்தால் நம் கோடை வெயிலுக்கே நுனி தொங்கிவிடும். சூடான தேநீரின் ஆவி மெழுகை இளக்காதிருக்க, விளிம்பில் தடுப்பு வைத்த கோப்பைகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் செய்து விற்றனர். கூழும் மீசையும் பற்றிய நம் பழமொழிக்கு அங்கே ஒரு பாண்டமே கிடைத்துவிட்டது.

மாணவரின் வினா இப்பிற்கால வழக்கத்திலிருந்து எழுந்தது என்று நினைக்கின்றேன். மீசைக்கு மெழுகும் தாடிக்கு எண்ணெயும் கடைகளில் விற்கும் காலத்தில் 'மையணல்' என்று படிப்பவர்க்குப் பூச்சு நினைவுக்கு வருதல் இயல்பே. பதிப்புகளுக்குப் படம் வரைவோரும் சங்கத் தலைவன் என்றவுடன் முறுக்கிய மீசையொன்றை எழுதிவிடுகின்றனர். குறிஞ்சிப்பாட்டுத் தலைவனை எழுதப் புகும் ஓவியர் ஒருவர் கிடைப்பாராயின் அவரிடம் யான் வேண்டுவது சிறிது: தலைமயிர் ஈரம் புலர்ந்து விரிந்திருக்கட்டும், அதனைச் சுற்றி வண்டுகள் இருக்கட்டும், முகத்து மயிரைக் கபிலர் சொல்லாமல் விட்டபடியே அவரும் விட்டுவிடுக.