கணக்காய்வு வேலைத்தாள்

கணக்காய்வாளர் எதைப் பார்த்தார், எப்படிப் பார்த்தார், என்ன முடிவுக்கு வந்தார் என்பதைப் பதியும் தாளே வேலைத்தாள். வெளியார் அதைக் காண்பதில்லை. கணக்காய்வு அறிக்கை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்து நெற்களஞ்சியங்களில் கணக்காய்வின் நுட்பம் நன்றாகத் துலங்கும். மூட்டை அடுக்கின் வெளிமுகத்தை மட்டும் எண்ணினால் உள்ளே வெற்றிடம் இருப்பது தெரியாது. தேர்ந்தவர் அடுக்கின்மேல் ஏறிப் பார்ப்பார், சில மூட்டைகளை நிறுப்பார், ஈரப்பதத்தை விசாரிப்பார். காயக் காய நெல் எடை இழக்கும்; குறைவெல்லாம் களவாகாது. பதிவேட்டில் உள்ளதைக் களஞ்சியத்தில் தேடுவார். களஞ்சியத்தில் கண்டதைப் பதிவேட்டில் தேடுவார். முதல் தேடல் இல்லாத சரக்கைக் காட்டிக்கொடுக்கும், மற்றது எழுதாமல் விட்டதை. எவ்வளவு அழகான முறை!

பயிலுநர் தொடங்குவது இத்தகைய எண்ணிக்கையில்தான். 1959 இல் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் பரீட்சைகளோடு செய்முறைப் பயிற்சியையும் கேட்கிறது. 2021 இல் தனியாக அமைந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணக்கியல் கற்கலாம்.

குழுவை நடத்தும் மூத்தவரின் திறமை வேலைத்தாளின் ஓரக்குறிப்பில் தெரியும். ‘பிழை’ என்று மட்டும் எழுதினால் இளையவர் எதையும் கற்கமாட்டார். ‘இந்த எடையை யார் நிறுத்தது?’ என்ற கேள்வி அவரை மீண்டும் களஞ்சியத்துக்கு அனுப்பும். பதில் திருப்தியானால் மூத்தவர் ஒப்பமும் திகதியும் இடுவார். கணக்காய்வு நிறுவனத்தின் பங்காளர் அறிக்கையில் கையெழுத்திடுவது அதன் பின்னர்தான்.