லேசான கதைகள்

சில நாவல்களைப் பற்றிப் பேசும்போது, “சும்மா, பொழுது போகப் படிக்கிறேன்” என்று நாம் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லிக்கொள்கிறோம். கனமான நாவல் மேஜை மேலும், லேசான நாவல் தலையணைக்கு அடியிலும் இருப்பது பல வீடுகளில் நடக்கிற காரியந்தான். விமர்சகர்களும் இந்தக் கூச்சத்தை நீரூற்றி வளர்த்திருக்கிறார்கள். அழ வைத்தால் இலக்கியம், சிரிக்க வைத்தால் சில்லறைச் சரக்கு என்பது அவர்கள் தீர்ப்பு. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் கட்சிக்குச் சாட்சியாக ஓர் ஆங்கில நாவலாசிரியையை அழைக்கிறேன்.

ஜார்ஜெட் ஹேயர் 1902-இல் விம்பிள்டனில் பிறந்தவர், 1974-இல் காலமானார். நோயுற்றிருந்த தம்பியின் பொழுதுபோக்குக்காகச் சொல்லத் தொடங்கிய கதைதான் 1921-இல் அவருடைய முதல் நாவலாக வெளிவந்தது. பின்னால் அவர் தமக்கென்று ஒரு காலத்தைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குச் சித்தம் கலங்கிவிட்டதால், அவருடைய மூத்த மகன் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான ‘ரீஜென்ஸி’ காலம் அது. 1935-இல் வந்த ‘ரீஜென்ஸி பக்’ தொடங்கி ஹேயர் எழுதிய கதைகளே, பிறகு பலரும் எழுதிய ஒரு தனி நாவல் இனத்துக்கு அச்சாக அமைந்தன.

இந்தக் கதைகளில் நடப்பது என்ன? ஒரு பெண், ஒரு பிரபு, நாட்டியங்கள், குதிரை வண்டிகள், வம்பு பேசும் அத்தைமார்கள். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்பது பத்தாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் ஒரு முத்தம், அதோடு திரை. முடிவு தெரிந்த கதையை எதற்காகப் படிக்க வேண்டும்?

பேச்சுக்காகத்தான். மனத்திலிருப்பதை வெளிப்படையாகச் சொல்லக்கூடாது, விரல் படக்கூடாது, நாலு பேர் நடுவில் மரியாதை குறையக்கூடாது. இத்தனை தடைகள் இருக்கும்போது அன்பு, கோபம், பொறாமை எல்லாம் பேச்சில்தான் ஏறி உட்கார வேண்டும். நடுக்கோடு இல்லாவிட்டால் சடுகுடு இல்லை அல்லவா? அப்படித்தான் இதுவும். ஹேயரின் கதாநாயகிகள் கோட்டைத் தாண்டிப் போய், தொட்டுவிட்டு, மூச்சு விடாமல் திரும்பி வருகிறார்கள். அந்த லாகவந்தான் வாசகருக்கு ஆனந்தம். படுக்கையறைக் கதவை மூடிவிட்டு வாசகரை முந்நூறு பக்கம் உட்கார வைப்பது எவ்வளவு சிரமம் என்பது எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அதே காலத்தில், நெசவு இயந்திரங்களை உடைத்த தொழிலாளிக்கு மரண தண்டனை என்று 1812-இல் சட்டம் வந்தது. 1819-இல் மான்செஸ்டரில் கூடிய ஜனங்கள்மேல் குதிரைப் படையை ஏவினார்கள். ஹேயரின் காதல் கதைகளில் இந்தக் கூக்குரல் கேட்பதில்லை. அது அவருடைய எல்லை, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 1950-இல் எழுதிய ‘தி கிராண்ட் ஸோஃபி’யில் வட்டிக்குப் பணம் கொடுக்கும் யூதர் ஒருவரை அருவருப்பின் உருவமாகவே வரைந்திருக்கிறாரே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஐரோப்பாவில் லட்சக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டு ஐந்து வருஷங்கள்தாம் ஆகியிருந்தன. கதையின் சுத்தம் என்பது முத்தத்தோடு முடிகிற விஷயமல்ல. ஓர் இனத்தையே இழிவுபடுத்திச் சிரிக்க வைத்தால் அந்தச் சிரிப்பில் அழுக்கு இருக்கிறது.

ஆனால் உலகம் தெரியாததனால்தான் ஹேயர் லேசாக எழுதினார் என்றால் ஒப்பமாட்டேன். 1961-இல் வெளிவந்த ‘எ சிவில் கான்ட்ராக்ட்’டைப் பாருங்கள். யுத்தத்திலிருந்து திரும்பும் ஆடம் என்ற இளைஞனுக்குத் தகப்பனார் வைத்துவிட்டுப் போனது பட்டமும் கடனும். ஜூலியா என்ற அழகியைக் காதலிக்கும் அவன், குடும்பத்தைக் காப்பாற்ற, பெரிய பணக்கார வியாபாரியின் மகள் ஜென்னியை மணக்கிறான். ஜென்னிக்கு அழகில்லை. ஆடம் யாரை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் அழுது புலம்பவில்லை. அவனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்து வீட்டை நடத்துகிறாள். முடிவில் காதல் வெள்ளம் கரை புரண்டு ஓடுவதில்லை. ஜென்னி இல்லாமல் தனக்கு வாழ்க்கை இல்லை என்பது ஆடமுக்கு மெதுவாக விளங்குகிறது; அவ்வளவுதான். அழகியின் கதையையே எதிர்பார்த்துப் பழகிய வாசகர்களுக்கு இப்படி ஒரு முடிவைக் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். எத்தனையோ தாம்பத்தியங்களின் உண்மையை இந்த ‘லேசான’ புத்தகம் குரலை உயர்த்தாமல் சொல்லிவிடுகிறது.

கடைசியாக ஒரு செய்தி. இதை ஹேயரின் வாழ்க்கை வரலாற்றில் படித்தேன். ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண்மணி விடுதலையான பின் ஹேயருக்குக் கடிதம் எழுதினார். பன்னிரண்டு வருஷச் சிறைவாசத்தில் 1944-இல் வந்த ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ கதையை நினைவிலிருந்தே திரும்பத் திரும்பச் சொல்லி, உடனிருந்த பெண்களின் மனம் பேதலிக்காமல் காப்பாற்றினாராம். அது பெரிய தத்துவக் கதை ஒன்றுமில்லை. விளையாட்டுப் புத்தியுள்ள ஒரு பிரபுவும், அவசரத்தில் அவன் மணந்துகொண்ட அநாதைப் பெண்ணும் இல்லறம் பழகும் கதை.

அந்தச் சிறையில் துயரத்தைப் பற்றி யாரும் யாருக்கும் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதர்கள் ஒருவரையொருவர் மரியாதையோடு கேலி செய்துகொண்டு, பயமில்லாமல் சிரித்துப் பேசுகிற ஓர் அறை உலகத்தில் உண்டு என்பதுதான் அங்கே மறந்துபோகக் கூடியது. அதை ஞாபகப்படுத்தியது இந்தக் கதை. இதைச் செய்த புத்தகத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைப்பதில் கூச்சம் என்ன?