எதனைக்கொண்டு திறப்பது?

கைப்பேசியில் ஒரு கோப்பைத் தொட்டவுடன், அதனைத் திறக்கவல்ல செயலிகள் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின், சிறு கட்டமொன்று தோன்றி நம்மை வினவுகிறது. ஆங்கிலத்தில் ‘ஓப்பன் வித்’ என்பது அதன் தலைப்பு. கீழே செயலிகளின் பெயர்கள். அவற்றின் அடியில் ‘ஜஸ்ட் ஒன்ஸ்’, ‘ஆல்வேஸ்’ என இரு பொத்தான்கள். காவியங்களை ஆராயும் பகுதியில் இதற்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். கைப்பேசியைத் தமிழில் அமைத்துக்கொண்டோர் நாள்தோறும் படிக்கும் தமிழ் இதுவன்றோ? நூலைப் போலவே இதனையும் குணங்குற்றம் நாடிப் பார்ப்பதில் தவறில்லை.

தலைப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். சில தமிழாக்கங்களில் இது ‘இதனுடன் திற’ என்று வழங்கக் காண்கிறோம். மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஒடு, ஓடு என்னும் உருபுகளைச் சொன்ன நன்னூலார், கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என அதன் பொருளையும் வகுத்துரைத்தார். கத்தியால் வெட்டினான் என்பது கருவி. தந்தையோடு வந்தான் என்பது உடனிகழ்ச்சி. ஆங்கிலத்து ‘வித்’ இவ்விரண்டையும் ஒரே சொல்லில் சுமக்கிறது; மொழிபெயர்த்தவர் கருவியை விட்டு உடனிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டார். ‘சாவியுடன் பூட்டைத் திறந்தான்’ என்று மாணாக்கன் எழுதினால் நாம் சிவப்பு மையால் சுழிப்போம். பண்டை வழக்கில் ‘ஒடு’ உருபு கருவிப் பொருளிலும் வரும் என்று கற்றோர் நினைவூட்டலாம். உண்மையே, ஆயின் இன்றைய ‘உடன்’ அப்பொருளைத் தருவதில்லை. ‘இதன்மூலம் திற’ என்பது பிழையற்றது. ‘இதைக்கொண்டு திற’ என்பது அதனினும் இயல்பு.

இன்னொன்று: ‘தேர்ந்தெடுக்கவும்’ என்பது பொறி நம்மை நோக்கிச் சொல்வது, ‘திற’ என்பது நாம் பொறிக்கு இடும் ஏவல். பேசுவோர் இருவர் என்பதை மறந்து இரண்டையும் ஒரே வரியில் கலப்பது சில கட்டங்களில் உண்டு. அப்பொழுது, பொறி நம்மையே ‘திற’ என்று ஒருமையில் ஏவுவதுபோல் ஆகிவிடுகிறது.

இவை சொற்குற்றங்கள். பொருட்குற்றம் ‘எப்போதும்’ என்னும் பொத்தானில் இருக்கிறது. எதனை எப்போதும்? இக்கோப்பையா, இவ்வகைக் கோப்புகள் யாவற்றையுமா? பூன் லேயில் எங்கள் அடுக்கின் கீழ்த்தளத்தில் வாழும் மூதாட்டியார் ஒருவருக்குத் திருமண அழைப்பிதழ் பிடிஎஃப் கோப்பாக வந்தது. தோன்றிய இரு செயலிகளில் ஒன்றைத் தொட்டு, ‘எப்போதும்’ என்பதை அழுத்தினார். அச்செயலி கட்டணம் கேட்பது. அன்று முதல் மருத்துவமனைக் கடிதமாயினும் கோயில் அறிவிப்பாயினும் முதலில் அதுவே வந்து கைநீட்டியது. “சார், எதைத் தொட்டாலும் இது வெள்ளி கேக்குது” என்று என்னிடம் வந்தார். அமைப்புகளுக்குள் புகுந்து, செயலிகளின் பட்டியலைத் திறந்து, அச்செயலியின் பக்கத்தில் இயல்புநிலையை நீக்கினேன். உள்ளே போக ஒரு பொத்தான்; மீண்டு வரவோ நான்கு வாயில்கள். அவ்வழியைக் கட்டம் ஒரு சொல்லாலும் சுட்டவில்லை.

2012இல் வந்த விண்டோஸ் 8, இவ்வகைக் கோப்புகள் அனைத்திற்கும் இச்செயலியே என்னும் வரியில் தானே குறியிட்டு வைத்திருந்தது. கேளாமல் இசைவு பெறுவது கேள்வியாகுமா? 1984இன் மெக்கின்டோஷ் வேறு வழியிற் சென்றது. ஒவ்வொரு கோப்பின் வகையையும், அதனை உண்டாக்கிய செயலி எது என்பதையும் நான்கெழுத்துக் குறிகளாக உடன் வைத்தது. ஆதலால் பெரும்பாலும் கேட்கவே நேரவில்லை. அது எழுதியவனின் கருவியை மதிக்கும் முறை. படிப்பவனிடம் அக்கருவி இல்லையாயின் அது பயன்படாது.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவைப் படைத்த காலத்தில், எழுத்துருவுக்கொரு குறியீட்டு முறை இருந்தது. 1995இல் இணையத்தில் தமிழ்க் கவிதைகள் ஏறியதும், 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியதும் அந்நிலையிலேதான். அந்நாளைய கோப்பை இன்று தொட்டால் எழுதுசெயலி தயங்காமல் திறக்கும். திரையில் நிற்பவையோ உரோமன் எழுத்துகளின் குவியல். கோப்பு திறந்துவிட்டது என்று பொறி நினைக்கிறது. படிப்பவனுக்கு அது மூடியே கிடக்கிறது. பெயரின் ஈற்றிலுள்ள மூன்றெழுத்தை மட்டும் நோக்கும் கட்டத்திற்கு இவ்வேறுபாடு தெரிவதில்லை.

குற்றம் கூறியபின் மாற்று ஒன்று காட்டல் முறை. ‘இக்கோப்பை எதைக்கொண்டு திறக்கலாம்?’ என்பது தலைப்பாகுக. பொத்தான்கள், ‘இம்முறை மட்டும்’ என்றும், ‘இனி இவ்வகைக் கோப்புகள் அனைத்திற்கும்’ என்றும் அமைக. முன்னது பெரிதாக இருக்கட்டும். அடியில் சிற்றெழுத்தில், பின்னர் மாற்ற விரும்புவோர் செல்லும் இடம் குறிக்கப்படுக.

இவ்வாறு தாளில் எழுதி அம்மூதாட்டியாரிடம் காட்டினேன். “இப்படி இருந்திருந்தா ரெண்டாவதத் தொட்டிருக்க மாட்டேன், சார்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா இவ்வகைன்னா எவ்வகை?” என்று கேட்டார். ‘இனிப் பிடிஎஃப் கோப்புகள் அனைத்திற்கும்’ என்று அவ்விடத்திலேயே திருத்தினேன்.