இருபத்தைந்து மடங்கும் மொய் நோட்டும்

‘வருசச் செலவைப் போல 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம்.’ ஐ.டி. அலுவலகங்களின் டீ நேரத்தில் இன்று புழங்கும் சூத்திரம் இது. நம்பலாமா?

இதன் வேர் அமெரிக்காவில். நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன், 1926 முதலான அந்நாட்டுப் பங்கு, கடன்பத்திர விவரங்களை வைத்து 1994-இல் ஒரு கணக்குப் போட்டார். முதலாண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அதைக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் 30 ஆண்டு நிற்கும் என்றார். 100-ஐ 4-ஆல் வகுத்தால் 25.

சூத்திரத்தின் பெருமை, வயதை விட்டுச் செலவை அளவுகோலாக்கியது. ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அதை நம்பி 58 வயதுக்குக் காத்திருப்பதைவிட இது நேர்மையான கணக்கு.

எண்தான் இடிக்கிறது. மாதம் 40,000 செலவழிக்கும் குடும்பத்துக்குச் சூத்திரம் கேட்பது 1.2 கோடி. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 12 ஆண்டில் அதே வாழ்க்கைக்கு 80,000 வேண்டும். பாதிப் பணமாவது பங்கில் இருக்க வேண்டும் என்ற பெங்கனின் நிபந்தனை டீக்கடைப் பேச்சில் உதிர்ந்துவிடுகிறது. பங்குக்குப் பயந்து 7 சதவீத வைப்பில் போட்டால், விலைவாசி போக மிஞ்சுவது ஒரு சதவீதம். 40 வயதில் வேலையை விட்டவர் 80 வரை தாக்குப்பிடிக்க 33 மடங்கு, அதாவது 1.58 கோடி தேவை. வரி தனி.

அந்த 40,000-மே சரிதானா? செலவு நோட்டில் வாடகை, பால், கேஸ், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் வரிசையாக இருக்கும். அக்கா மகள் சடங்குக்குச் செய்த தாய்மாமன் சீரும், ஆவணி முகூர்த்தங்களின் மொய்யும், மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொடுத்த கைமாற்றும் இருக்காது. ‘இந்த வருசம் மட்டும்தானே’ என்று விட்டுவிடுகிறோம். வருசா வருசம் ஒன்று வருகிறது. மொய் திரும்பி வருமே என்பீர்கள். வரும், நம் வீட்டில் விசேஷம் வைத்தால், அந்தச் செலவையும் கூட்டிக்கொண்டு வரும்.

சொத்துப் பக்கத்தில் மட்டும் நமக்குத் தாராளம். குடியிருக்கும் வீட்டையும் மகளுக்கென்று எடுத்துவைத்த நகையையும் கூட்டிவிடுகிறோம். இரண்டும் மாதச் செலவுக்கு உதவாது.

ஆக, சூத்திரத்தின் திசை சரி. 25 என்ற எண் நமக்குப் போதாது. அந்த எண்ணைத் தொட்ட நாளில்தான் விடுதலை என்பதும் தவறு. ஐந்து மடங்கு கையில் இருப்பவரே, பிடிக்காத வேலையை உதறிவிட்டுச் சம்பளம் குறைந்த வேறொன்றுக்குத் துணிந்து போகலாம். அதுவும் சுதந்திரம்தான்.

மடங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று வருசச் செலவு நோட்டை எடுத்துக் கூட்டுங்கள், மொய் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.