வாய்மொழித் தேர்வா, வாழ்த்தரங்கமா?

முனைவர் பட்ட நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் புதுக்கி வெளியிட்டது. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியிட வேண்டும், கருத்தரங்குகளில் இருமுறை கட்டுரை படிக்க வேண்டும் என்ற 2016ஆம் ஆண்டுக் கட்டாயம் இப்போது மானியக் குழுவின் விதியில் இல்லை. தரம் தாழ்ந்தது என வருந்துவோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. அக்கட்டாயத்தால் செழித்தது ஆய்வைவிடக் காசுக்குக் கட்டுரை அச்சிடும் வாணிபமே. ஆயினும் அங்கே இறக்கிய சுமையை வேறொன்று தாங்கியாக வேண்டும். அது வாய்மொழித் தேர்வு.

விதி செம்மையாகவே இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் ஊழியரல்லாத புறத்தேர்வாளர் இருவரேனும் ஏட்டை மதிப்பிட வேண்டும். இருவரும் ஏற்றாலன்றி வாய்மொழித் தேர்வு இல்லை. அவர்களுள் ஒருவரேனும் நேரிலோ இணையவழியிலோ வினவ, ஆசிரியரும் ஆய்வாளரும் மாணவரும் அவையில் இருக்கலாம். நடப்போ வேறு. யான் சென்றிருந்த அவைகள் சிலவற்றில் (ஊரும் பெயரும் வேண்டா) வினாக்களைவிடப் பொன்னாடைகளே மிகுதி. தேர்வாளர் அறிக்கையில் எழுப்பிய ஐயங்கள் ஓரிரு நிமிடங்களில் கழிந்தன.

தருமபுரியை எண்ணிப் பாருங்கள். இம்மாவட்டக் கல்லூரிகள் 1997இல் சேலத்தில் நிறுவப்பெற்ற பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் அடங்கும். வட்டெழுத்து நடுகற்கள் நிறைந்த மண் இது. அரூர்ப் பக்கத்து மாணவர் ஒருவர் அவற்றை ஆய்ந்து ஏடு எழுதுகிறார் என்று கொள்வோம். பிறர் எழுத்தைப் படியெடுத்தால் கணினி காட்டிவிடும். பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒற்றுமைக்கு 2018ஆம் ஆண்டு விதியில் தண்டனைப் படிகளும் உண்டு. ஆனால் கல்லின்முன் நின்று தாமே எழுத்தைப் படித்தாரா, அச்சான வாசகத்தைச் சொல் மாற்றி எழுதினாரா என்பதை எக்கணினி அறியும்? “இவ்வரியில் சிதைந்த எழுத்தை எங்ஙனம் படித்தீர்?” என்று எதிரே இருந்து கேட்பவரே அறிவார்.

மத்ரஸாவில் பயின்றோர்க்கு இது புதிதன்று. உஸ்தாதின்முன் நூலை ஓதிக்காட்டி, ஹாஷியாவில் மறைந்திருக்கும் ஐயத்துக்கும் விடை சொல்லியே இஜாஸா பெறும் மரபு உண்டு. “யாரிடம் கேட்டாய்?” என்ற வினாவுக்கு ஸனத் இல்லையேல் செய்தி எடுபடாது. (அம்மரபிலும் தேர்வு சடங்காய்ப் போன இடங்கள் உண்டு, அதனை மறைப்பானேன்?)

ஏற்கப்பட்ட ஏடு ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் சேர்கிறது. எவரும் எடுத்துப் படிக்கலாம். தேர்வாளர் அறிக்கைகளும், அவையில் எழுந்த வினாக்களும், மாணவர் உரைத்த விடைகளும் அதனுடன் சேர்வதில் என்ன தடை? தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்னதாக ஏட்டின் படியொன்று மாணவரின் கல்லூரி நூலகத்திலும் கிடைக்கட்டும். படித்துவிட்டு வருபவர் நால்வர் அவையில் இருந்தால், பொன்னாடை கொணர்ந்தவரும் சற்றே காத்திருப்பார்.